முலாஞ்சேயில் ஜூன் மழை

பகல் பதினொன்று நாற்பதுக்கு என் மகளிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். நான் அப்போது அங்கே இல்லை. திருவனந்தபுரம் தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறத் தெருவில் இருந்த எங்கள் அலுவலகத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். இடைவேளை முடிந்து மணி அடித்த கையோடு கேட்டார் என்று அவளுடைய டீச்சர் பிறகு சொன்னதால் நேரம் தெரியும்.

அவர் கேட்டது இதுதான்: இந்த ஊரில் ஜூன் மாதம் கனமழை என்று எழுதியிருக்கிறாயே, எங்கிருந்து எடுத்தாய்? அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மகள் எட்டாம் வகுப்பு. அந்த வருடம் அவள் பள்ளியில் சமூக அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். டீச்சர் அட்லஸைப் பார்த்து உலகத்தின் மூலைமுடுக்கிலுள்ள மாவட்டங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு சீட்டு. அந்த மாவட்டத்தின் நிலம், மழை, பயிர், சந்தை, சாலை, அங்குள்ளவர்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்பதையெல்லாம் எட்டுப் பக்கம் எழுத வேண்டும். கூடவே ஒரு சார்ட்டில் வரைபடம். மகளுக்கு வந்த சீட்டில் முலாஞ்சே என்று இருந்தது. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற சிறிய நாட்டின் தெற்கு ஓரத்தில் உள்ள மாவட்டம்.

பாளையத்து நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் சனிக்கிழமை ஒரு கல்யாணம் வந்தது. அடுத்த சனிக்கிழமை துணி துவைத்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாவது சனிக்கிழமை அவளே தோழி ஒருத்தியோடு போய், கலைக்களஞ்சியத்திலிருந்து நான்கு வரி எழுதிக்கொண்டு வந்தாள். பெரிய மலை ஒன்று உண்டு. அடிவாரத்தில் தேயிலைத் தோட்டங்கள். மக்கள் மக்காச்சோளம் பயிரிடுகிறார்கள். பக்கத்து நாடு மொசாம்பிக். அவ்வளவுதான். கொடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் இருந்தது.

"டீச்சர் வழக்கு பறையும் அம்மா" என்றாள். டீச்சர் திட்டுவார் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்து மலையாளத்தை வீட்டுத் தமிழில் கலந்துதான் அவள் எப்போதும் பேசுவாள்.

தேயிலை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. அது என் தொழில்.

நான் வேலை பார்த்தது ஒரு தேயிலைத் தோட்டத்தின் டவுன் ஆபீசில். தோட்டம் வித்துராவைத் தாண்டி, பொன்முடிக்கு வளைவுகள் ஏறும் வழியில் இருந்தது. மாதம் முடிந்ததும் மலையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுப்பார். எவ்வளவு மழை, எவ்வளவு கொழுந்து, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் எத்தனை குடும்பம், பள்ளிக்கூடம், டிஸ்பென்சரி, தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். அதைத் தட்டச்சு செய்து, ஐந்தாம் தேதிக்குள் முதலாளிகளின் அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை.

மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் உறை வராது. நான் சேர்ந்த முதல் ஜூலையிலேயே அப்படி ஆயிற்று. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். தலைமைக் குமாஸ்தா அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து என் மேசையில் போட்டார்.

"போன கொல்லத்து ஜூனைப் பாத்து எழுதும்மா. அங்கங்க கொஞ்சம் மாத்திக்கோ. சரியானது வந்தா பின்னே மாத்தலாம். மல எங்கயும் போகாது கேட்டோ."

போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதுவது அங்கே பல காலமாக இருந்த பழக்கம். உண்மையான உறை வந்ததும் ஓசைப்படாமல் தாளை மாற்றி வைக்க வேண்டும் என்பதும் பழக்கத்தில் அடக்கம். ஒன்றிரண்டு வருடம் மாற்றினேன். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். எந்த எண்ணை எவ்வளவு கூட்டினால் இயல்பாக இருக்கும், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது. ரிப்போர்ட்டின் இரண்டாவது பக்கம், பள்ளிக்கூடமும் டிஸ்பென்சரியும் வரும் பக்கம், மலையிலிருந்து வருவதே நின்றுபோயிற்று. அதை மாதாமாதம் நானே எழுதினேன். டிஸ்பென்சரி தினமும் திறந்திருக்கிறது. கம்பவுண்டர் ஒருவர் இருக்கிறார். மருந்து போதிய அளவு இருக்கிறது.

ஒருமுறை உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. கம்பவுண்டர் போய்விட்டார், வேறு ஆள் அனுப்பவும் என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். தலைமைக் குமாஸ்தாவிடம் காட்டினேன். அது நம் செக்ஷன் இல்லை என்றார். சீட்டைக் கோப்பில் வைத்தேன். அடுத்த மாதம் போன வருடத்துத் தாளைப் பார்த்து, கம்பவுண்டர் ஒருவர் இருக்கிறார் என்று எழுதினேன்.

பதினோரு வருடம் அந்த மலையைப் பற்றி இப்படி எழுதினேன். மலையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதையும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பொன்முடிக்குக் குடும்பமாகப் போனபோது பஸ் அந்தத் தோட்டத்தின் ஊடாக ஏறியது. ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. வளைவுகளில் மகளுக்கு வாந்தி வந்தது. நாங்கள் தோட்டத்தில் இறங்கவில்லை.

டீச்சர் திட்டுவார் என்று மகள் சொன்ன மறுநாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து தோட்டத்தின் வரைபட நகலையும் ஒரு பழைய ரிப்போர்ட்டையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் சார்ட்டை விரித்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஜூன், ஜூலையில் கனமழை. மண் சரிந்து சாலை அடைபடும். மழை மாதங்களில் கொழுந்து குறையும். தொழிலாளர் லயங்களில் வசிக்கிறார்கள். பஸ் குறைவு. மேலே மாவட்டத்தின் பெயர், கீழே எங்கள் தோட்டம்.

பாதியில் அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அம்மா, இது ஒள்ளதுதானா?"

"அங்கயும் மல, இங்கயும் மல. தேயிலைக்கு ஊரு தெரியுமா மக்ளே? நீ எழுது. சரியான விவரம் கிட்டினா பின்னே மாத்திக்கலாம்."

தலைமைக் குமாஸ்தாவின் வார்த்தைகளைச் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் எழுதினாள். வரைபடம் மிக அழகாக வந்தது. ஃபாக்டரி, எடை போடும் கொட்டகை, லயங்கள், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம். டிஸ்பென்சரிக்குச் சிவப்பில் ஒரு கூட்டல் குறி போட்டாள். மேலே "முலாஞ்சே" என்று பெரிய எழுத்தில் எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

கண்காட்சியன்று இரண்டே காலுக்கு அலுவலகத்துக்கு போன் வந்தது. சாப்பாட்டு மணிக்குப் பிறகு மகளைக் காணவில்லை, வீட்டுக்கு வந்தாளா என்று பள்ளியில் கேட்டார்கள். வீட்டில் யார் இருப்பார்கள்? கணவர் நாகர்கோவிலில் வேலை, தினமும் ரயிலில் போய் வருவார். அவருடைய அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அவள் சார்ட் மாட்டியிருந்த இடத்தில் சுவரில் நான்கு குண்டூசிகள் மட்டும் இருந்தன. சார்ட்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தலைமையாசிரியை என்னைத் தன் அறையில் உட்காரவைத்தார். பிள்ளை திரும்பி வந்தால் அம்மா இங்கே இருக்க வேண்டும், தேட ஆள் போயிருக்கிறது என்றார்.

அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். கேள்வி கேட்டவர். அறுபத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு குடையை வைத்துக்கொண்டு, என்னைவிட மோசமான நிலையில் உட்கார்ந்திருந்தார். மலாவியில் பல வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், அதிலும் அந்த முலாஞ்சேயிலேயே. கண்காட்சியைப் பார்க்க விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு சுவரில் அந்தப் பெயரைப் பார்ப்போம் என்று தான் நினைத்ததே இல்லை என்றார். சந்தோஷத்தில்தான் ஜூன் மழையைப் பற்றிக் கேட்டாராம். புத்தகத்தில் இருந்தது என்று மகள் சொல்லியிருக்கிறாள். எந்தப் புத்தகம் என்றதற்கு, சார்ட்டின் குண்டூசியை அழுத்திக்கொண்டு நின்றாளாம். பிறகு அவர் வரைபடத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"நல்ல படம் மோளே. பக்ஷே இது அந்த எடம் இல்லல்லோ. இது எந்த எடம்?"

தெரியாது என்றாளாம். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் எழுதச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகள் சில சமயம் பார்க்காமலே கற்பனையாக எழுதிவிடுகிறார்கள், பயந்துபோயிருப்பாள் என்று தலைமையாசிரியை சொன்னார். நான் தலையாட்டினேன். ஆமாம், பயந்த சுபாவம் என்றேன். அன்று நான் செய்தவற்றில் இதுதான் இன்றுவரை என்னை விடாமல் இருக்கிறது. மகளைக் காணவில்லை, அந்த நேரத்திலும் அவள் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு ஆறுதலாகவோ தனக்கு ஆறுதலாகவோ அந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். சமவெளியிலிருந்து சுவர் எழுப்பினாற்போல் ஒரே தூக்காக நிற்கும் மலை. அதன் பாவாடை மாதிரிச் சுற்றிலும் தேயிலை. தேயிலை முடிகிற இடத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பாத்தி பாத்தியாக மக்காச்சோளம், நடுவில் துவரை. அங்கே மழை தொடங்குவது நமக்குக் கார்த்திகை பிறக்கும்போது. ஜூனில் குளிர்தான், மலையிலிருந்து ஒரு சாம்பல் நிறத் தூறல் இறங்கிப் போர்வையைப் போல ஊரை மூடும், அதைக் கனமழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தை, மாசியில் பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதியது வயலில் பச்சையாக நிற்கும். ஒவ்வொரு வீட்டிலும் பசி. அதே மாதங்களில்தான் தேயிலை கொழித்துத் தளிர்க்கும். அதனால் தோட்டத்து வேலையை வைத்துத்தான் பலர் அந்த மாதங்களைக் கடப்பார்கள். பிள்ளைகள் வகுப்பில் தூங்குவதை வைத்தே எந்த மாதம் என்று தனக்குத் தெரிந்துவிடும் என்றார். சைக்கிளின் பின்னால் அன்னாசியும் விறகும் கட்டிச் சந்தைக்கு வருவார்கள். நிலம் யாருக்கு எது என்று ஊர்த் தலைவர் சொல்வார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எழுதவைத்த எட்டுப் பக்கத்தில் பசி என்ற சொல் எங்கும் இல்லை. எங்கள் ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லாததால் அது எனக்குத் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலே கால். மகள் போய் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஐந்தரைக்குப் பள்ளியைப் பூட்டும்போது வீட்டுக்கு வந்தேன். கணவர் ரயிலிலிருந்து நேரே வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சங்குமுகம் கடற்கரை, மியூசியம் தோட்டம், கரமனையில் என் அக்கா வீடு, தோழிகள் வீடு. நானும் மனதில் ஒவ்வொரு இடமாகப் போய் வந்தேன். கடலைக்கூட நினைத்தேன். ரயில் தண்டவாளத்தை நினைத்தேன். மலையை மட்டும் நினைக்கவில்லை. பதினோரு வருடம் எழுதிய அந்த இடம், ஒரு குழந்தை டிக்கெட் வாங்கி பஸ் ஏறிப் போய்ச் சேரக்கூடிய இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மகள் இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன் செய்யும்போது, அங்கே மழையா அம்மா என்று கேட்பாள். சாதாரணமாகத்தான் கேட்கிறாள். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.

ஏழு மணிக்குக் கணவர் திரும்பி வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், ஒரு போட்டோ எடு என்றார். ஆல்பத்தைப் புரட்டினேன். சமீபத்தில் எடுத்தது பொன்முடியில் எடுத்த படம் ஒன்றுதான். பனியில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அத எழுதினது நானாக்கும்."

"எத?"

"பிள்ளைக்க ப்ராஜெக்ட. அது நம்ம தோட்டம். பேர மட்டும் மாத்தினேன்."

அவர் ஸ்கூட்டர் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். கேட் திறக்கும் சத்தம் அப்போது கேட்டது. ஏழு இருபது.

மகள் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை சாக்ஸ் செம்மண் நிறமாகியிருந்தது, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் கோடாக உறைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் நாற்பது வயதுள்ள ஒரு பெண். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர், தலையில் துண்டு. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் தாளில் எங்கள் சார்ட்டைச் சுருட்டி, குழந்தையைத் தூக்குவது போல வைத்திருந்தாள்.

மகளைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, விலகவும் இல்லை. கணவர் அவளை உள்ளே கூட்டிப்போனார். உள்ளே வாருங்கள் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். காலெல்லாம் சேறு என்று படியிலேயே நின்றாள். நடந்ததைச் சொன்னாள். பொன்முடி பஸ்ஸிலிருந்து யூனிஃபார்மோடு ஒரு பிள்ளை தனியாக இறங்கி, படத்தை விரித்துக்கொண்டு லயத்துக்குள் வந்ததாம். வீட்டுப் பாடத்துக்கு என்றதாம். எடை போடும் கொட்டகை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போய்ப் பார்த்து, பென்சிலால் குறி போட்டதாம். வயசுப் பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் ஏற்றி அனுப்ப மனசு வரவில்லை, தம்பானூர் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற தங்கச்சியோடு தங்கிவிட்டுக் காலை வண்டிக்குப் போய்க்கொள்கிறேன் என்றாள்.

சார்ட்டை என்னிடம் கொடுத்தாள். வராந்தா விளக்கடியில் பிரித்தேன். மேலே நான் எழுதிய "முலாஞ்சே" குறுக்கே அடித்திருந்தது. ஃபாக்டரிக்கு ஒரு சரி. கொட்டகைக்கு ஒரு சரி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், சார் வாரம் இரண்டு நாள்தான் வருவார் என்று மகளின் கையெழுத்து. சிவப்புக் கூட்டல் குறியைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள், பூட்டு, உள்ளே உர மூட்டை.

அந்தப் பெண் கிளம்பவில்லை. துண்டை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கேட்டபோது, கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

"பிள்ளையத் திட்டாதீங்கம்மா. ஒண்ணு மட்டும் கேக்கணும். ஆஸ்பத்திரி தெனம் தொறந்திருக்குன்னு டவுன் ஆபீசுல நீங்கதான் எழுதுறீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. நாலு வருசமா நாங்க பூட்டத்தான் பாக்குறோம். எத்தன மணிக்குத் தொறக்குதுன்னு எழுதியிருக்கீங்க? சொன்னீங்கன்னா, எங்க அத்தைக்குக் கால்ல ஆறாத புண்ணு, தூக்கிட்டு வந்து அந்த நேரத்துக்கு வாசல்ல ஒக்கார வச்சிருவேன்."